கையைத் தூக்கினால் கிளாரினெட்

போன வாரம் எங்கள் பிசியோதெரபிஸ்ட்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. புதிதாகத் திறந்த கிளினிக். சுவரில் பெரிய டிவி, டிவிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு கேமரா, எதிரே கையைத் தூக்கிக்கொண்டு ஒரு நோயாளி, பக்கத்தில் திறந்துவைத்த பிரமுகர். பிரமுகருக்கு மாலை, நோயாளிக்குப் பொன்னாடை, கேமராவுக்குக் கதம்பச் சரம். படத்துக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: உடம்பு அசைவதைக் கேமராவில் பார்த்து, அதற்கேற்பப் பாட்டு வாசிக்கும் இந்த மிஷினில் திண்டுக்கல்லிலேயே முதலில் வேலை பார்த்தது மேரி மேடம்தானாம், அவர் தன் அனுபவத்தை எழுதினால் எங்களுக்குப் பயன்படும். உடனே கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன. வேலையில் இருந்த காலத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றதும் அனுபவசாலி ஆகிவிட்டேன். சரி, எழுதுகிறேன். பயன்படாவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

படித்த கதையை வளர்க்க வேண்டாம். மதுரையில் படித்தேன். உடம்பில் எந்தத் தசை எந்த எலும்பில் ஒட்டியிருக்கிறது என்று மனப்பாடம் செய்தேன். ஊருக்குத் திரும்பியதும் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் பிரிவுக்கு வாசலில் நீளமான பெயர்ப்பலகை இருந்தாலும் ஜனங்கள் அதைக் 'கரன்ட் வைக்கிற ரூம்' என்றுதான் சொல்வார்கள். உள்ளே தசைக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி, மெழுகு உருக்கும் தொட்டி, மணல் மூட்டைகள், சுவரில் ஒரு கப்பி. கப்பியில் ஒரு கயிறு, கயிற்றின் இரு முனையிலும் கைப்பிடி. நல்ல கையால் இழுத்தால் வராத கை மேலே போகும். அந்தக் கயிற்றை நினைத்து நான் ஏங்குகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களின் தோளைக் கெடுப்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. அதைக் கழற்றித் தூக்கிப் போட்ட அன்று நான் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் செக்ரட்டரியைப் பற்றிச் சொல்லாமல் மிஷினைப் பற்றிச் சொல்ல முடியாது. பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அறக்கட்டளையார் அவரைக் கூப்பிட்டுச் செயலாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நல்ல உயரம், தேய்த்த வெள்ளைச் சட்டை, எப்போதும் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற முகம். அறையில் இரண்டு பேர்தான் இருந்தாலும் அவர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படிதான் பேசுவார். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு விரலால் மேஜையை டொக் டொக்கென்று தட்டுவார். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கிற பழக்கம், மைக் இல்லாத இடத்திலும் விடவில்லை. அவருடைய பேச்சு மூன்று பாகம். தான் பொறுப்பேற்பதற்கு முன்பு மருத்துவமனை எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது, நாளை எப்படி இருக்கப் போகிறது. நடுநடுவே "நான் கேட்கிறேன்" என்பார். கேட்பாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். லீவு கேட்கப் போகிறவர்களுக்கும் இந்த மூன்று பாகம் உண்டு. பேச்சு முடிவதற்குள் எதற்காக வந்தோம் என்பதே மறந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. இல்லாதவர்களுக்குச் சிகிச்சையில் விட்டுக்கொடுப்பார். அப்படி விட்டுக்கொடுத்ததை அடுத்த விழாவில் அந்த நோயாளியையே மேடையில் ஏற்றி நிறுத்திச் சொல்லிவிடுவார்.

அவர் காலத்தில்தான் மிஷின் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு நன்கொடையாளர் கொடுத்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து மாட்டினார். மரியாதையான மனிதர். கேமரா ஆளைப் பார்க்கும், தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி என்று மூட்டு மூட்டாக ஒரு புள்ளி வைக்கும், புள்ளிகளைக் கோட்டால் இணைத்து டிவியில் ஒரு குச்சி மனிதனை வரையும் என்றார். நாம் கையைத் தூக்கினால் குச்சி மனிதனும் தூக்குவான். கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த உயரத்தோடு எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் கட்டிவிடலாம். "தோளுக்கு மேல கை போனா பாட்டு வருமுங்க. கீழ வந்தா நின்னுருமுங்க. அவ்வளவுதானுங்க சூட்சுமம்" என்றார். அது நல்ல யோசனை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். விளங்காத கையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பத் தூக்குவதுபோல் அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. தன் கை அசைந்ததால் ஒரு பாட்டு பிறக்கிறது என்றால் யாருக்கும் இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும்.

திறப்பு விழாவுக்கு ஒரு பேண்டு செட்டை வரவழைத்திருந்தார்கள். மூன்று பாகமும் முடிந்தால்தான் அவர்கள் வாசிக்கலாம். செக்ரட்டரி மூச்சு விட நிறுத்தும்போதெல்லாம் கிளாரினெட்காரர் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோவார். பேச்சு தொடரும். கீழே இறக்குவார். இப்படியே அவருக்குக் கை வலி வந்திருக்கும். கடைசியில் வாசிக்க விட்டபோது மனிதர் பிய்த்து உதறிவிட்டார். பேச்சு, வாசிப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, விருந்தினர் வந்தால் போட்டுக் காட்ட வசதியாக அந்த மிஷினின் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்தார்கள்.

மறுநாள் நோயாளிகளைக் கேமரா முன்னால் நிறுத்தியபோதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஜனங்கள் கேமராவைப் பார்த்ததெல்லாம் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும்தான். அங்கே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் இந்தக் கேமராவைப் பார்த்ததும் எல்லாரும் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் விறைத்து நின்றார்கள். மரியாதை தெரிந்தவர்கள் கையை மார்போடு கட்டிக்கொண்டார்கள். குச்சி மனிதனுக்குக் கையே இல்லாமல் போயிற்று. பெண்களுக்குச் சேலை முந்தானை முழங்கையை மறைத்ததால் டிவியில் இடுப்பிலிருந்து கை முளைத்தது. முந்தானையை இழுத்துச் சொருகச் சொல்லி, கட்டிய கைகளைப் பிரித்துவிட்டு, அசையலாம் அசையலாம் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அசைந்த பிறகும் நிம்மதி இல்லை. மிஷினோடு வந்த இசை என்பது கை ஏற ஏற டிங், டிங் என்று ஒவ்வொரு சத்தமாக ஏறிக்கொண்டே போவது. யாருடைய போன் அடிக்கிறது என்று நோயாளிகள் ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைக் கேள்விப்பட்ட செக்ரட்டரி தானே இறங்கிவந்து மூன்று பக்திப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார், மதத்துக்கு ஒன்று. இவற்றைத் தவிர வேறு பாட்டு கூடாது, முக்கியமாகச் சினிமாப் பாட்டு கூடவே கூடாது என்று உத்தரவு. சினிமாப் பாட்டைப் போட்டால் நோயாளிகள் ஆட ஆரம்பித்துவிடுவார்களாம். ஆட வைக்கத்தானே சார் மிஷின் வாங்கினோம் என்று கேட்டேன். அதற்கு மூன்று பாகமும் கிடைத்தது.

ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது பலித்தது. பக்திப் பாட்டு வந்ததும் கைகள் ஏறின. சும்மா ஏறவில்லை, ஏறினால் இறங்கவே இல்லை. யார் எவ்வளவு நேரம் கையைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கைச் செக்ரட்டரி நன்கொடையாளருக்கு அனுப்பினார். அவரும் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டைச் செக்ரட்டரி பெரிதாக அச்சடித்து என் அறை வாசலில் ஒட்டினார்.

இந்த நேரத்தில்தான் பாக்கியம் வந்தாள். நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலர். பொங்கல் முடிந்த கையோடு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் சீக்கிரம் தேறிக்கொண்டது, கை தேறவில்லை. கூடவே அவள் கணவர் சின்னச்சாமி வருவார். மாந்தோப்புக் காவல்காரர். மனைவியை விட்டு ஓர் அடி தள்ளி நிற்க மாட்டார்.

பாக்கியத்தின் கவலை ஒன்றுதான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது அவள் வேலைக்குப் போயாக வேண்டும். அதுவரை பதிலுக்கு ஓர் ஆளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். திறக்கும் அன்று உடல் தகுதிச் சான்றிதழோடு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முதல் நாளே இதை என்னிடம் சொன்னாள், அழாமல் சொன்னாள். "ஒத்தக் கையில சோறு வடிக்க முடியாதும்மா. பானைய ரெண்டு கையாலயும் புடிச்சு, மெல்ல மெல்லச் சாய்க்கணும். சட்டுனு சாஞ்சா கஞ்சி காலுல ஊத்திரும். அம்புட்டுப் பிள்ளைகளும் தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கும்" என்றாள். எந்த நோயாளியும் தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக என்னிடம் சொன்னதில்லை.

வந்தபோது அவள் இடது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. தோள்பட்டைக்குக் கீழே விரல் வைத்தால், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு விரல் பதியும் பள்ளம். தாங்க வேண்டிய தசைகள் தூங்கிவிட்டதால் கையின் எடை மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. மேஜைமேல் துண்டு விரித்து, அதன்மேல் கையை வைத்துத் துண்டை முன்னும் பின்னும் தள்ள வைத்தேன். பிறகு மல்லாந்து படுக்க வைத்துத் தூக்கச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து. தோள் உயரம் வரைக்கும் கை தானாக வந்ததும் மிஷினுக்கு மாற்றினேன். அவளுக்கு நான் சொன்ன விதிகள் இரண்டு. வலித்தால் இறக்கிவிட்டு ஓய்வெடுக்க வேண்டும். இறக்கும்போது பொத்தென்று போடாமல் மெதுவாக இறக்க வேண்டும். தூக்குவது பாதி வைத்தியம்தான், இறக்குவதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. சோற்றுப் பானைக்காரிக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மிஷினில் உட்கார்ந்த சில நாளிலேயே அவளுடைய கணக்கு எல்லாரையும் தாண்டிவிட்டது. செக்ரட்டரி இரண்டு தடவை விருந்தினரைக் கூட்டிவந்து காட்டினார். மூன்றாவது தடவை வருவதற்குள் அவள் தோள் வீங்கிவிட்டது. கையை உடம்போடு அணைத்துக்கொண்டு, யார் பக்கத்தில் வந்தாலும் ஒதுங்கினாள். வந்த கை திரும்பப் போய்க்கொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க, ஒரு நாள் எல்லாரும் டிவியில் குச்சி மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாக்கியத்தைப் பார்த்தேன். பாட்டு ஆரம்பித்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்கள். பாக்கியம் கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. தோளை உயர்த்திக் காதோடு ஒட்டினாள். உடம்பை வலது பக்கம் சாய்த்தாள். கை கீழே வராமல் இருக்க ஒரு மனுஷி என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தாள். கேமராவுக்கு இது எதுவும் தெரியவில்லை, கை மேலே இருக்கிறது, பாட்டு பாடிக்கொண்டே இருந்தது. கடைசிச் சரணத்தில் சின்னச்சாமி நைசாகக் குனிந்து, அவள் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து மேலே தள்ளினார். நான் தூக்கிப் போட்ட கப்பியும் கயிறும் வேட்டி கட்டிக்கொண்டு திரும்ப வந்து நின்றதைப் பார்த்தேன்.

பாட்டு முடிந்து கை விழுந்தது. பாக்கியம் கண்ணில் தண்ணீர். வலித்தால் இறக்கச் சொன்னேனே, ஏன் இறக்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எப்புடிம்மா எறக்குறது? எறக்குனா சாமி பாட்டு பாதியில நின்னுரும்ல. பாதியில நிறுத்துனா குத்தமாயிருமேம்மா. இம்புட்டுப் பட்டது பத்தாதா எனக்கு?"

சின்னச்சாமி தன் பங்குக்கு, "அதான்மா நானும் செத்தத் தாங்கிக் குடுத்தேன்" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று தலையாட்டினார்கள். விசாரித்துப் பார்த்தால் மூன்று பாட்டுக்கும் ஒரே கதைதான். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர், தன் பாட்டின் ஆமென் வருகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதாகச் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியின் பெருமையான கணக்கு முழுவதும் தெய்வக் குற்றத்துக்குப் பயந்து தூக்கிய கைகளின் கணக்கு.

செக்ரட்டரியிடம் போனேன். மேஜையைத் தட்டினார். பக்தியில் வலி தெரியாது என்றார். வலி தெரியாமல் போவதுதான் சார் ஆபத்து என்றேன். நன்கொடையாளரே பாராட்டியதைக் குறை சொல்ல நான் யார் என்று கேட்டார். வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாட்டை மாற்ற அனுமதி கிடையாது என்று முடித்தார்.

பாக்கியத்தின் கையைத் தாங்கத் துணித் தொட்டில் கட்டி, தோளில் ஒட்டுப் பட்டை போட்டு, மறுபடி மேஜைக்கும் துண்டுக்கும் கொண்டுபோனேன். வீக்கம் வடிந்தது. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது, வெயில் ஏறி விடுமுறையும் விட்டுவிட்டார்கள். துண்டு தள்ளுவதில் அவளுக்கு அலுப்பு வந்துவிட்டது. மிஷின் வேண்டும், ஆனால் சாமி வேண்டாம். புதுப் பாட்டு ஏற்றினால் உத்தரவை மீறியதாகும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். திறப்பு விழா இருந்தது. செக்ரட்டரியின் முழுப் பேச்சும் இருந்தது, அதன் பின்னால் கிளாரினெட்டும் இருந்தது.

இன்ஜினியருக்குப் போன் போட்டு, ஒரே கையில் இரண்டு சத்தத்தைக் கட்ட முடியுமா என்று கேட்டேன். முடியும், கை ஏற ஏற ஒன்று குறையும், மற்றது கூடும் என்று சொல்லி, எப்படிச் செய்வதென்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். கீழே எதை வைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "நான் சொல்லிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

ஏற்பாடு இதுதான். கையைத் தூக்கினால் கிளாரினெட், இறக்கினால் செக்ரட்டரி.

முதல் நாள் அவர் குரல் கேட்டதும் பாக்கியம் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டாள். அவர் இங்கே இல்லை, இது பதிவு செய்தது என்று சொல்லி உட்கார வைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டாள். "நான் பொறுப்பேற்பதற்கு முன்பு இந்த மருத்துவமனை" என்று முதல் பாகம் ஆரம்பித்தது. அவள் கை தானாக மேலே போயிற்று. கிளாரினெட் பொங்கிக்கொண்டு வந்தது. பாக்கியம் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். வலி வந்ததும் இறக்கினாள். அதில் எந்தக் குற்றமும் இல்லை. "பேசட்டும்மா. செத்த நேரம் பேசிட்டுப் போகட்டும், அதுக்குள்ள தோளு ஆறிரும்" என்றாள். கை தாழத் தாழச் செக்ரட்டரியின் குரல் ஏறும் என்பதால் அவள் கையைப் பொத்தென்று போடவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, முடிந்தவரை தள்ளிப்போட்டு இறக்கினாள். அத்தனை வருஷம் நான் எத்தனையோ பேரிடம் கெஞ்சியும் நடக்காத காரியம் அது. முழங்கையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை இல்லாததால் சின்னச்சாமி பெஞ்சில் சாய்ந்து தூங்கினார்.

செய்தி பரவிவிட்டது. தங்களுக்கும் அந்தப் பேச்சையே போடச் சொல்லி மற்ற நோயாளிகள் கேட்டார்கள். கை கால் நன்றாக இருக்கும் லேப்காரர்களும் பில் போடுகிறவர்களும் ஏதோ ஒரு சாக்கில் உள்ளே வந்து, செக்ரட்டரியைக் கொஞ்சம் பேசவிட்டு, ஒரு தடவை கையைத் தூக்கிவிட்டு, முகம் தெளிந்து திரும்பிப் போனார்கள். எங்கள் பிரிவு அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் கண்டதில்லை.

பள்ளி திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் விருந்தினரோடு செக்ரட்டரி வந்து நின்றார். பாக்கியம் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தாள், கை கீழே இருந்தது, அவருடைய குரல் அறையை நிறைத்துக்கொண்டிருந்தது. மாற்றி வைக்க எனக்கு நேரமில்லை. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. தன் உரையையே சிகிச்சைக்குப் பயன்படுத்துவதாக விருந்தினரிடம் விளக்கினார். குரலின் அதிர்வு நரம்புக்குள் போகிறது என்றார். அப்போது பாக்கியம் கையைத் தூக்கினாள். செக்ரட்டரி தேய்ந்து மறைந்தார், கிளாரினெட் வந்தது. ஏன் நின்றுவிட்டது, மிஷின் ரிப்பேரா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பெரிய மனிதருக்கு உதவி செய்கிற ஆசையில் பாக்கியமே பதில் சொன்னாள்.

"ரிப்பேரு இல்லைங்கய்யா. கைய எறக்குனா நீங்க பேசுவீங்க, தூக்குனா நிப்பாட்டிருவீங்க. அதுக்குத்தான் தெனம் தூக்குறேன்."

விருந்தினரில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். செக்ரட்டரி மேஜை எதையும் தட்டவில்லை. விருந்தினரைக் காபி குடிக்க அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் திறப்பு விழா கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கப்பட்டது. மூன்று பாட்டுகளும் திரும்பி வந்தன. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நான் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறவள், என்னை என்ன செய்துவிட முடியும்? விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். கோபத்தை அவர் வேறு இடத்தில் காட்டினார். பாக்கியத்தை டாக்டர் சோதித்துப் பார்த்துத் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரி முத்திரையும் செயலாளர் கையெழுத்தும் இல்லாமல் அது செல்லாது. முத்திரை செக்ரட்டரியின் மேஜையில் இருந்தது. தான் நேரில் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே போட முடியும் என்று சொல்லியனுப்பினார். பாக்கியமும் சின்னச்சாமியும் பஸ் ஏறி வருவார்கள். அய்யா வெளியே போயிருக்கிறார் என்று ஆபீசில் சொல்வார்கள். திரும்பிப் போவார்கள். அவருடைய கார் வாசலில்தான் நிற்கும். எனக்கு அப்போது வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. ஒரு கை போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதை ஒரு ரப்பர் முத்திரை தடுத்துக்கொண்டிருந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் கூப்பிட்டார். பாக்கியத்தோடு நானும் போனேன். உட்காரச் சொல்லவில்லை. மேஜையை டொக் டொக்கென்று தட்டினார். முதல் பாகம் முடிந்தது, இரண்டாம் பாகம் முடிந்தது, மூன்றாம் பாகம் முடிந்தது. எங்களுக்காக நான்காவதாக ஒரு பாகமும் தயார் செய்து வைத்திருந்தார், நன்றி மறப்பதைப் பற்றி. சிரித்தவர்களைப் பற்றி, சிரிக்க வைத்தவர்களைப் பற்றி, தகுதி இல்லாதவர்களைத் தூக்கி விட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. பாக்கியம் தலையைக் குனிந்து நின்றாள். அவள் கன்னத் தசை இறுகுவதை நான் பார்த்தேன். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் அந்தக் கை வராது.

"சமைக்கப் போகிறேன் என்கிறாய். பிள்ளைகள் மேல் பானை கவிழ்ந்தால் யார் பொறுப்பு? நான் கேட்கிறேன். இந்த மருத்துவமனையின் பெயர் என்ன ஆவது? எங்கே, அந்தக் கையைத் தூக்கு, பார்ப்போம்."

பாக்கியம் மூச்சை இழுத்து விட்டாள். இடது கை கிளம்பியது. மார்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது. உடம்பு சாயவில்லை. தோள்பட்டை காதுக்கு ஏறவில்லை. முழங்கை நீண்டு, விரல்கள் மேலே பார்க்க, கை காதோரம் போய் நின்றது.

செக்ரட்டரி தொடர்ந்து பேசத்தான் வாயைத் திறந்தார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த கிளார்க், கீழே விழாத எதையோ எடுப்பதற்காகக் குனிந்துகொண்டார். மின்விசிறிச் சத்தம் கேட்டது, அந்த அறையில் அதை நான் கேட்டது அன்றுதான். "அதாவது" என்று ஒரு தடவை ஆரம்பித்துப் பார்த்தார். பாக்கியத்தின் கை இன்னும் ஓர் அங்குலம் ஏறியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

இறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. காகிதத்தை இழுத்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார், மேஜைக்கு மேலே நீட்டினார். பாக்கியம் வலது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். இடது கை மேலேயே இருந்தது, நடுங்கவில்லை.